விறகு மெஷினுக்கு எத்தனை ஆள்?

வேலையை விட்டுப் போகிறவர்கள் புதிதாக வருகிறவர்களுக்கு நாலு வார்த்தை எழுதி வைப்பது எங்கள் கடையில் வழக்கமில்லை. வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியேறிவிடுவார்கள். எனக்கு அது போதவில்லை. மெஷின் வடிவமைக்கும் வேலை ஒன்று கிடைத்துப் போகிறேன். வயது இன்னும் முப்பதைத் தொடவில்லை, அறிவுரை சொல்கிற அளவுக்கு ஒரு முடிகூட நரைக்கவில்லை. ஆனாலும் தாம்பரத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டோரம் உட்கார்ந்து விறகு பிளக்கும் மெஷின்களை விற்றும், வீடுகளில் கொண்டுபோய் இறக்கியும், ரிப்பேர் பார்த்தும் சில வருடங்களைக் கழித்திருக்கிறேன். நாளைக்கு அதே கவுண்டரில் நிற்கப் போகிறவர்களுக்கு அதில் ஒரு விஷயமாவது உதவும்.

ஆயில் எப்போது மாற்றுவது, எந்த போல்ட்டை எவ்வளவு முறுக்குவது என்பதெல்லாம் மெஷினோடு வரும் புத்தகத்தில் இருக்கிறது. அதைப் படியுங்கள். நான் சொல்லப்போவது அதில் இல்லாதது.

இந்தப் பக்கத்தில் யார் வீட்டில் இன்னும் விறகு எரிக்கிறார்கள் என்று பொத்தேரி இன்ஜினியரிங் காலேஜில் என்னோடு படித்தவர்கள் சிரிப்பார்கள். எரிக்கிறார்கள். வீட்டிலிருந்தே பிரியாணி ஆர்டர் எடுப்பவர்கள் எரிக்கிறார்கள். குளிக்க வெந்நீர்த் தவலை வைத்திருக்கும் பழைய ஊர்க்குடும்பங்கள் எரிக்கின்றன. ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் விழுந்த மரத்தைக் கார்ப்பரேஷன் ஆட்கள் வெட்டித் துண்டு போட்டு வாசலிலேயே விட்டுப் போகிறார்கள். அதைப் பார்த்ததும் சும்மா கிடைத்த விறகு என்று ஒரு ஆசை வரும். அந்த ஆசையோடுதான் நம் கடைக்கு வருவார்கள்.

வந்ததும் கேட்கும் முதல் கேள்வி, எத்தனை டன் என்பது. மெஷினின் நெற்றியில் அந்த எண்ணைத்தான் பெரிதாக ஒட்டியிருக்கிறது, அதனால் கேட்கிறார்கள். நாமும் பதில் சொல்லிவிடுகிறோம். சேலையூரில் ஒருவர் ஒரே ஒரு வேப்பமரம் விழுந்ததற்காகக் கடையிலேயே பெரிய பெட்ரோல் மெஷினை வாங்கினார். மரம் ஒரே நாளில் தீர்ந்துவிட்டது. மெஷின் இப்போது பழைய ஃப்ளெக்ஸ் பேனருக்குள் இருக்கிறது, அதன் மேல் தெருநாய் ஒன்று படுத்துக்கொள்கிறது. அது செலவோடு போன தவறு. ஊரப்பாக்கத்தில் நடந்தது அப்படியில்லை.

ஊரப்பாக்கத்தில் குணசேகரன் என்று ஒருவர். பழைய ஊர்க்காரர்கள். வயல் இருந்த இடத்தில் இப்போது மாடி மாடியாக வாடகை வீடுகள். அவர் மனைவி தேவகி ஞாயிற்றுக்கிழமைகளிலும் விசேஷங்களுக்கும் வீட்டிலிருந்தே பிரியாணி சமைத்துக் கொடுப்பார். கேஸ் அடுப்பில் வைக்க மாட்டார். கடைசியாக ஒரு வீடு கட்டியபோது வீட்டுக்குப் பின்னால் நின்ற இரண்டு புளியமரங்களை வெட்டவேண்டி வந்தது. அந்தக் கட்டைகள் மலை மாதிரி குவிந்து கிடந்தன. அதுவரை கோடாலியால் பிளந்து கொடுத்துக்கொண்டிருந்த குணா அண்ணனுக்குத் தோள்பட்டையில் ஆபரேஷன் ஆகியிருந்தது. இனிமேல் கோடாலியைத் தூக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் மெஷின்.

அவர் வந்த அன்று நான் வேறு வேலையாக வெளியே போயிருந்தேன். எங்கள் மேனேஜர் அவருடைய கேள்விக்குச் சரியாகவே பதில் சொல்லி, சரியான டன்னில் ஒன்றை விற்றிருந்தார். கரன்ட்டில் ஓடும் படுக்கை மெஷின். கட்டையை அதன் மேடையில் கிடத்த வேண்டும். ஒரு பக்கத்திலிருந்து இரும்புத் தலை ஒன்று வந்து கட்டையை எதிரே இருக்கும் ஆப்பின் மேல் தள்ளும். புளியங்கட்டையைப் பிளக்கிற பலம் அதற்கு இருந்தது. அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

அந்த மெஷினில் ஒரு கட்டுப்பாடு உண்டு. வலது கையால் மோட்டார் பட்டனை அழுத்த வேண்டும், இடது கையால் லீவரை அழுத்த வேண்டும். இரண்டையும் பிடித்திருந்தால்தான் தலை நகரும். இரண்டு கையும் மெஷின் மேல் இருந்தால் எந்தக் கையும் கட்டைக்குப் பக்கத்தில் போகாது. வடிவமைத்தவன் அப்படி யோசித்திருக்கிறான். ஒருவர் மட்டும் வேலை செய்யும் ஊரில் உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும்.

முதல் இலவச சர்வீஸுக்குப் போனபோதுதான் அந்த வீட்டை நான் பார்த்தேன். அவர்கள் போன் எடுக்கவில்லை, அந்தப் பக்கமாகத்தான் போகிறோமே என்று நேராகப் போய்விட்டேன். பின்கட்டில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. குணா அண்ணன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஒரு விரலால் பட்டனை அழுத்திக்கொண்டிருந்தார். இடது பக்க லீவர் பழைய சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. தேவகி அக்கா மெஷினுக்கு எதிர்ப்பக்கம் குந்தி உட்கார்ந்து இரண்டு கையாலும் கட்டையைப் பிடித்திருந்தார். அக்கா தலையாட்டுவார், அண்ணன் அழுத்துவார், அக்கா கையை எடுத்துக்கொள்வார். கட்டை பிளக்கும். நடுவில் அவர்கள் யாரோ ஒரு உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் பந்தி எப்படி இருந்தது என்று பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினார். டியூபைக் காட்டி, ஏன் அண்ணா இப்படி என்று கேட்டேன். அவர் அதை மறைக்கவே இல்லை. தானே கண்டுபிடித்த ஒரு வசதியைக் காட்டுவது போலக் காட்டினார்.

“கட்டை கோணலா கீது தம்பி. மேடைல நிக்க மாட்டேங்குது, உருண்டு உருண்டு போவுது. ஒராளு புடிச்சாதான் ஆவும். அதான் அவ புடிக்கறா, நான் அமுத்தறேன்.”

“அவருக்கு மூணாவது கையி ஒண்ணு வளந்தா அவரே புடிச்சிக்குவாரு,” என்றார் தேவகி அக்கா.

உடனே டியூபை அவிழ்த்துவிடுங்கள் என்றேன். இன்னும் ரெண்டு கட்டைதான் என்றார். வேண்டாம் அண்ணா என்று சொல்லிவிட்டு, மேனேஜருக்கு போன் போட கேட் பக்கம் திரும்பினேன். மேனேஜர் கேட்டுவிட்டுச் சொன்னதும் நியாயமான விஷயந்தான். லீவரைக் கட்டினால் வாரன்ட்டி போச்சு, ஒரு போட்டோ எடு, எச்சரித்ததாக எழுதிக் கையெழுத்து வாங்கு, கிளம்பு. போனைக் காதில் வைத்துக்கொண்டே யோசித்தேன். அவிழ்த்துவிட்டுப் போனால் நான் தெருமுனை திரும்புவதற்குள் மறுபடி கட்டிவிடுவார்கள். கட்டை கோணலாக இருக்கிறவரை அந்த வீட்டில் டியூபுக்கு வேலை இருக்கிறது.

பின்னால் மோட்டார் சத்தம் மறுபடி கேட்டது. கடைசி இரண்டு கட்டையை முடித்துவிடலாம் என்று நினைத்திருக்கிறார்கள்.

நான் திரும்பியபோது நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். மாடியில் குடியிருக்கும் பெண் எட்டிப் பார்த்து, அக்கா தண்ணி மோட்டார் போடட்டுமா என்றாள். தேவகி அக்கா மேலே பார்த்துத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலைத் தனக்கு என்று எடுத்துக்கொண்டு குணா அண்ணன் பட்டனை அழுத்தினார். கட்டை உருண்டது. அக்காவின் இடது கை விரல் இரண்டு, கட்டைக்கும் மேடையின் இரும்பு விளிம்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டன.

குணா அண்ணன் உடனே பட்டனிலிருந்து கையை எடுத்துவிட்டார். மோட்டார் நின்றது. ஆனால் இரும்புத் தலை நின்ற இடத்திலேயே நின்றது. விரல் வெளியே வரவில்லை.

இந்த இடத்தை நிதானமாகப் படியுங்கள். அந்த மாடலில் தலை கடைசிவரை போய்விட்டால் தானாகத் திரும்பிவிடும்; நடுவழியில் பட்டனை மட்டும் விட்டால் அப்படியே நிற்கும். பட்டனையும் லீவரையும் சேர்த்து விட்டால்தான் பின்னால் போகும். லீவர் டியூபில் கட்டியிருக்கிறது. அதாவது மெஷினைப் பொறுத்தவரை யாரோ இன்னும் லீவரைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

மாடியிலிருந்து, பிளக்கைப் புடுங்குங்க என்று குரல் வந்தது. யாருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். பிடுங்கியிருந்தாலும் ஒரு பலனும் இருந்திருக்காது, விரல் அங்கேயேதான் இருந்திருக்கும். அதைவிட மோசமாக, குணா அண்ணனின் கை மறுபடி பட்டனை நோக்கிப் போனது.

“இன்னொரு தபா அமுத்துனா வுட்டுருமா தம்பி?”

அழுத்தியிருந்தால் தலை முன்னால்தான் போயிருக்கும்.

“கைய எடுங்கண்ணா. எதையும் தொடாதீங்க,” என்றேன். அந்த வீட்டில் நான் குரலை உயர்த்தியது அந்த ஒரு தடவைதான். அவர் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டார், போலீஸைப் பார்த்தவர் மாதிரி.

டியூபை அவிழ்க்கப் பார்த்தேன். ஆயில் ஊறி முடிச்சு இறுகியிருந்தது. வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் ஒரு கத்தி கிடந்தது. எடுத்து அறுத்தேன். லீவர் மேலே எழும்பியது, இரும்புத் தலை சாவகாசமாகப் பின்வாங்கியது. அந்த வேகத்தைச் சர்வீஸில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் அது எவ்வளவு மெதுவாகப் போகிறது என்று தெரிந்தது. அக்கா கத்தவேயில்லை. நான் அறுத்துக்கொண்டிருந்தபோது ஒரே ஒரு வார்த்தை சொன்னார், சீக்கிரம் என்று. விரல் வெளியே வந்ததும் கையை மடியில் வைத்துக்கொண்டு, அடுப்பில் பால் இருக்கிறது யாராவது பாருங்கள் என்றார்.

ஒரு நகம் போய்விட்டது. ஒரு விரல் நுனியில் எலும்பில் லேசாக விரிசல் விட்டிருந்தது. சேர்ந்துவிடும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கட்டை இன்னும் கொஞ்சம் உருண்டிருந்தால் அந்தக் கையால் அவர் பிரியாணி தேக்சா தூக்கியிருக்க முடியாது. அந்த வீட்டின் சமையல் முழுக்க அந்த இரண்டு கையில்தான் இருந்தது.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய முதல் விஷயம் சின்னது. மெஷின் நிற்பது வேறு, விடுவது வேறு. எந்த மெஷினை விற்றாலும் எப்படி நிற்கும் என்பதோடு எப்படி விடும் என்பதையும் காட்டிவிட்டு வாருங்கள். பிளக்கைப் பிடுங்கத் தெரிந்தவர்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள்.

அடுத்த விஷயம் எக்ஸ்-ரே அறைக்கு வெளியே கிடைத்தது. குணா அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் எதுவும் கேட்கவில்லை, அவராகவே பேசினார். கல்யாணம் ஆனதிலிருந்தே அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் விறகு பிளப்பார்களாம். பெரிய கட்டை என்றால் இவர் இரும்பு ஆப்பை வைப்பார், அக்கா அதை ஒரு நீளக் குச்சியால் சாயாமல் தாங்கிப் பிடிப்பார், இவர் சம்மட்டியால் அடிப்பார். ஒரு தடவைகூடப் பிசகியதில்லை. நாள் முழுக்கப் பிள்ளைகள், வாடகைக்காரர்கள், ஆர்டர்காரர்கள் என்று ஆள் மேல் ஆள். விறகு பிளக்கும் நேரத்தில்தான் இரண்டு பேரும் தனியாகப் பேசிக்கொள்வார்களாம்.

கோணல் கட்டை ஒரு காரணம். அது மட்டும் காரணமில்லை என்று எனக்கு அப்போது விளங்கியது. ஒருவர் ஓட்டும் மெஷினை நாம் கொண்டுபோய் இறக்கியிருக்கிறோம். அந்த வீட்டில் அந்த வேலைக்கு இரண்டு பேர் இருந்தார்கள். மெஷின் ஒருவரை வெளியே அனுப்பியது, அவர்கள் டியூபைக் கட்டி அவரை உள்ளே கூட்டிக்கொண்டார்கள்.

கடைக்கு வந்து இந்த மெஷினைத் திருப்பி எடுத்துக்கொண்டு வேறு கொடுக்க வேண்டும் என்றேன். மேனேஜர் மறுத்தார். அவர் மோசமான மனிதர் இல்லை. லீவரைக் கட்டக் கூடாது என்று புத்தகத்தில் படம் போட்டிருக்கிறது, நாம் எடுத்துக்கொண்டால் தப்பு நம்முடையது என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்றார். நான் அவரோடு தப்பு யாருடையது என்று பேசவில்லை. பேசியிருந்தால் இன்றைக்கும் பேசிக்கொண்டிருப்போம். விரல் சரியானதும் அந்த மெஷின் மறுபடி ஓடும், யாராவது மறுபடி கட்டையைப் பிடிப்பார்கள், அப்போதும் மெஷின் மேல் நம் கடை ஸ்டிக்கர் இருக்கும் என்று மட்டும் சொன்னேன். பில் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். பிறகு, அதைக் கடையில் டெமோ பீஸாக வைத்துக்கொள்ளலாம், அவர்களைக் கூட்டி வா என்றார்.

இரண்டு பேரும் வந்தார்கள். அக்காவின் கையில் கட்டு. இந்த முறை நான் நிற்கும் மெஷின் ஒன்றைக் காட்டினேன். இதில் கட்டையைக் கிடத்த வேண்டியதில்லை, கீழே நிறுத்தினால் போதும், கட்டை உருளாது. மேலிருந்து ஆப்பு இறங்கும். இரண்டு பக்கமும் இரண்டு கைப்பிடிகள், அவற்றின் முனையில் நகம் மாதிரி இரும்புக் கொக்கி. கைப்பிடியை அழுத்தும்போதே கொக்கி கட்டையைக் கவ்விக்கொள்ளும். கோணல் கட்டையையும் அந்தக் கொக்கிகளே பிடித்துக்கொள்ளும். இரண்டு கைப்பிடியையும் விட்டால் ஆப்பு தானாக மேலே போய்விடும். நிறுத்திக் காட்டினேன், விட்டும் காட்டினேன். தோளுக்கு வலி வராத உயரம்தானா என்று குணா அண்ணனையே அழுத்திப் பார்க்கச் சொன்னேன்.

மேனேஜர் பழக்க தோஷத்தில் டன் கணக்கை ஆரம்பித்தார். தேவகி அக்கா அதைக் காதில் வாங்கவில்லை. மெஷினை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

“இதுல ரெண்டாவது ஆளு எங்க நிக்கணும்?”

இரண்டாவது ஆளே தேவையில்லை, அதுதான் இதில் விசேஷம் என்றார் மேனேஜர் சந்தோஷமாக.

அக்கா கணவரைப் பார்த்தார். “கேட்டுகினியா? எனக்கு இதுல வேலையில்ல. நீயே பொளந்துக்கோ.”

குணா அண்ணன் கைப்பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டார். பிடித்திருக்கிறதா என்று மேனேஜர் கேட்டார். பிடித்திருக்கிறது என்றார். ஆனால் நகரவில்லை. மெஷினையே பார்த்துக்கொண்டு, யாரிடம் என்றில்லாமல் கேட்டார்:

“அப்ப நான் யாராண்ட பேசிகினு பொளக்கறது?”

மேனேஜர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. எனக்கு அப்போது ஒன்று உறைத்தது. இதற்குப் பதில் சொல்லாமல் மெஷினைக் கொடுத்தனுப்பினால் அந்தப் பின்கட்டில் இன்னொரு டியூப் வரும். கொக்கியை மீறிக் கட்டையைத் தாங்க ஒரு காரணம் எப்படியும் கண்டுபிடிப்பார்கள். இது வெறும் மனசு சம்பந்தப்பட்ட கேள்வி இல்லை, மெஷினை எங்கே வைப்பது என்ற கேள்வி.

டெலிவரிக்கு நானே போனேன். வழக்கமாக ஒரு இடம்தான் பார்ப்போம், மெஷின் நிற்கச் சமதளம், பக்கத்தில் பிளக் பாயின்ட். அன்றைக்கு இரண்டு இடம் பார்த்தேன். மெஷினைச் சுவர் ஓரமாக நிறுத்தாமல், சமையல் கொட்டகையைப் பார்த்த மாதிரி திருப்பி வைத்தேன். கொட்டகையின் தூணோரம், அக்கா வெங்காயம் உரிக்கும் இடத்தில், ஒருவர் கையை நீட்டினாலும் மெஷினுக்கு எட்டாத தூரத்தில் நாற்காலியைப் போட்டேன். மோட்டார் ஓடும்போது பேச்சு கேட்காது, ஆனால் ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவில் கேட்கும். அங்கே உட்கார்ந்து பேசிப் பாருங்கள் அக்கா என்றேன். அவர் உட்கார்ந்தார். அண்ணன் ஒரு கட்டையை நிறுத்தி இரண்டு கையாலும் அழுத்தினார். ஆப்பு இறங்கியது, புளியங்கட்டை முறுக்கிக்கொண்டு வெடித்தது. கையை விட்டார், ஆப்பு மேலே போனது.

“அந்தாண்ட உருள வுடாம அடுக்கு,” என்றார் அக்கா நாற்காலியிலிருந்து.

“அடுக்கறேன். நீ கத சொல்லு.”

எந்த வீட்டுக்கு எந்த மெஷின் என்று கேட்டு உங்களிடம் வருவார்கள். டன் சொல்லுங்கள், மரம் என்ன மரம் என்று கேளுங்கள், கோணலா நேரா என்று கேளுங்கள், வோல்டேஜ் நிற்குமா என்று கேளுங்கள். இதெல்லாம் உங்களுக்கே தெரிந்துவிடும். அதற்கப்புறம் இன்னொன்றும் கேளுங்கள்: விறகு பிளக்கும்போது பக்கத்தில் யார் இருப்பார்கள்? யாரும் இல்லை என்று சொன்னால் நம்பாதீர்கள். வீட்டுக்குப் போய்ப் பார்த்து, மெஷினை இறக்குவதற்கு முன்னால் அந்த இரண்டாவது ஆளுக்கு ஒரு நாற்காலி போடுங்கள்.